மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவிலே

மஞ்சப்புளியூரில் மவுத் ஆர்கன் வாசிக்கிறவர்கள் மொத்தம் நாலு பேர். சேர்ந்து வாசித்தால் நாலு பேர் வாசிக்கிறார்கள் என்பது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரியும். வாசிப்பது ஒரே பாட்டு என்பதைத்தான் அவர்களே சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலைவர் ஆவுடையப்பன். மாவு மில் வைத்திருக்கிறார். மற்றவர்கள் தையல்கடை தீத்தாரப்பன், சைக்கிள் கடை சொரிமுத்து, பேக்கரி மிக்கேல். மூன்று பேரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஊரில் சிலர் இவர்களை முட்டாள்கள் என்று சொல்வதுண்டு. அது அநியாயம். சொன்ன சொல்லைச் சொன்னபடி கேட்டு நடக்கிறவர்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்? இவர்கள் நடந்தார்கள். வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

ஆவுடையப்பனுக்கு ஒரே மகள், உலகம்மை. பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கு வள்ளியூரிலிருந்து ஒரு வரன் வந்தது. தரகர் அந்த வீட்டில் போய், பெண்ணின் அப்பா ரேடியோவில் வாசிக்கிறவர் என்று சொல்லிவிட்டார். தரகரைக் குற்றம் சொல்ல முடியாது. மில்லில் ஆவுடையப்பன் ரேடியோப் பெட்டி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு வாசிப்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா பூதலிங்கம் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, "ரேடியோல எப்ப வருவீங்கன்னு சொல்லுங்க. எங்க தெருவையே கூட்டி வச்சுக் கேக்கணும்" என்றார். ஆவுடையப்பன் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். எதிரே உலகம்மை தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று அப்பனுக்குத் தெரிந்தது. திறந்த வாயிலிருந்து, "வார ஞாயித்துக்கிழம, காலைல எட்டு மணிக்கு" என்று வந்துவிட்டது.

அதுவரை அவர் பொய் சொன்னதில்லை. சொல்லிப் பழக்கமில்லாததால், சொன்ன பொய்யை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. விடிந்ததும் மற்ற மூன்று பேரையும் மில்லுக்கு வரச் சொன்னார். இனி அதை உண்மையாக்குவது ஒன்றுதான் வழி என்று முடிவாயிற்று.

வழியும் இருந்தது. மாவட்டத்துச் சமுதாய வானொலியில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு நேயர்கள் அனுப்பும் பாட்டுகளைப் போடுவார்கள். ஆவுடையப்பன் போன் செய்து கேட்டார். அங்கிருந்த அம்மாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பினால் போடலாம், ஆனால் சுத்தமாக இருக்க வேண்டும் என்றாள். உலகம்மையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, அவள் பாடம் பதிகிற கம்ப்யூட்டரிலேயே பதிந்து அனுப்பிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். சிவப்பு வட்டத்தை அமுக்கினால் பதியும் என்பது ஆவுடையப்பனுக்குத் தெரியும். முதலில் சொரிமுத்துவின் போனில் ஒரு தடவை பதிந்து பார்த்தார்கள். டப்பாவுக்குள் நாலு கொசுவைப் போட்டு மூடியது மாதிரி இருந்தது.

ஆகவே திங்கட்கிழமை நாலு பேரும் தென்காசிக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே கசாலி பாய் மைக்செட் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் பாய் பரணில் ஏறி ஒரு பழைய மைக்கை எடுத்து வந்தார். பச்சைப் பெயின்ட் அடித்தது, பாதித் தேங்காய் அளவு, முகத்தில் சல்லடை மாதிரிக் கம்பி. அறுபது வருஷத்துச் சாமான் என்றார். அதை ஒரு மவுத் ஆர்கனோடு சேர்த்துக் கையில் பொத்தி ஒரே ஒரு மூச்சு ஊதிக் காட்டினார். தொண்டை கட்டின மனுஷன் ஊரைவிட்டுப் போகும்போது பேசுகிற மாதிரி ஒரு குரல் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாய் நல்ல மனுஷன். ஒரு வாரத்துக்குச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். எப்படி உபயோகிப்பது என்றும் சொன்னார். "இதுக்குள்ள கிறிஸ்டல் இருக்கு. வெயிலும் படக் கூடாது, ஈரமும் படக் கூடாது. நேரா கம்ப்யூட்டர்ல சொருகாதீங்க, மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கணும். ஆளுக்கு ஒரு டிராக்குல வாசிங்க. பொத்திப் பிடிச்சு வாசிங்க, காத்து வெளிய போகக் கூடாது. முடிஞ்சதும் மறக்காம சேவ் பண்ணிட்டு மூடுங்க."

மிக்கேல் அத்தனையையும் ரொட்டி சுற்றுகிற காகிதத்தில் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். புரிந்ததா என்று பாய் கேட்டார். நாலு தலையும் ஒன்றாக ஆடின. பாய் அதை நம்பினார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தீத்தாரப்பன் மைக்கை மடியில் வைத்து அதற்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். பஸ்ஸுக்குள் எதற்குக் குடை என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். வெயில் படக்கூடாது என்றார் தீத்தாரப்பன். இங்கே வெயிலைக் காணோமே என்றார் அவர். "அதான் குடை இருக்குல்லா" என்றார் தீத்தாரப்பன்.

வெயில் தீர்ந்தது, ஈரம்தான் பாக்கி. மில்லில் உட்கார்ந்து யோசித்தபோது சொரிமுத்து ஒரு சங்கடத்தைக் கிளப்பினார்.

"வாய்க்குள்ள ஈரம் இருக்கே அண்ணாச்சி. ஊதினா அது மைக்ல படத்தானே செய்யும்?"

நியாயமான கேள்விதான். நாக்கை வெளியே நீட்டித் துண்டால் துடைத்துப் பார்த்தார்கள். துடைக்கத் துடைக்க ஊறியது. கடைசியில் ஆவுடையப்பன், மழைக்காலத்தில் மில் தரையில் ஈரம் கசிந்தால் மாவைத் தூவித்தானே காயவைக்கிறோம் என்றார். அரைத்து வைத்திருந்த பொரிகடலை மாவில் ஆளுக்கு ஒரு கை வாயில் போட்டுக்கொண்டார்கள். வாய் நன்றாகக் காய்ந்தது. பிறகு ஊதினார்கள்.

புகை அடங்கச் சற்று நேரமானது. மாவரைக்க வந்திருந்த பெண்கள் மில் தீப்பிடித்துக்கொண்டது என்று வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். மைக்கை மட்டும் தீத்தாரப்பன் சட்டைக்குள் போட்டுக் காப்பாற்றிவிட்டார். நாலு மவுத் ஆர்கனிலிருந்தும் மாவைக் குண்டூசியால் நோண்டி எடுத்து முடிப்பதற்குள் அன்றைய பொழுது போயிற்று. ஈர வாயால் ஊதுவோம், மைக் மேல் ஒரு கைக்குட்டையைக் கட்டுவோம் என்று சமாதானத்துக்கு வந்தார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை டிரான்ஸ்பார்மர். அது தெருமுனையில், மாவு மில்லுக்கும் தையல்கடைக்கும் இடையில், கம்பி வேலிக்குள் இருக்கிறது. மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே அது இருக்க வேண்டும். அதை நகர்த்த முடியாது. ஆனால் மற்ற இரண்டையும் நகர்த்தலாம். இந்த யோசனை மிக்கேலுக்கு வந்தது. ஆவுடையப்பன் அவரைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தார்.

உலகம்மை பள்ளிக்கூடம் போனதும் கம்ப்யூட்டரை மேசையோடு தூக்கித் தெற்கே தையல்கடை வாசலில் வைத்தார்கள். மைக்கை வடக்கே மில் வாசலில் ஒரு ஸ்டூலில் வைத்தார்கள். நடுவில் என்றால் சரியாக நடுவில் இருக்க வேண்டுமே. தீத்தாரப்பன் தையல் டேப்பால் இரண்டு பக்கமும் அளந்தார். வடக்கே நாலு அங்குலம் கூடுதலாக இருந்தது. ஸ்டூலை நகர்த்தினார்கள்.

மைக்கின் ஒயர் ஆறடி. டிரான்ஸ்பார்மர் வேலியைக்கூட அது எட்டவில்லை. சொரிமுத்துவுக்கு அதில் கவலை இருந்தது. "ஒயர் சேரலியே" என்றார்.

"ஒயரைச் சொருகாதீங்கன்னுதானே பாய் சொன்னாரு" என்றார் மிக்கேல், காகிதத்தைப் பார்த்து. "நடுவுல டிரான்ஸ்பார்மர் இருந்தா போதுமாம். ஊருக்கே கரண்டு குடுக்குது, இதைக் கொண்டுபோய்க் குடுக்காதா?"

சிவப்பு வட்டத்தை அமுக்கிவிட்டு மிக்கேல் ஓடி வந்தார். நாலு பேரும் டிரான்ஸ்பார்மரைப் பார்த்து நின்று ஒரு மணி நேரம் வாசித்தார்கள். தெருவே கூடிவிட்டது. இரண்டு ஆடுகள் முதலில் வந்தன, முதலில் போயின. முடித்துவிட்டு நாலு பேரும் தெற்கே போய் ஸ்கிரீனைப் பார்த்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கோடு, கொஞ்சமும் ஏற்ற இறக்கம் இல்லாமல் கிடந்தது.

தீத்தாரப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "கோடு நேரா இருக்கு" என்றார். "அப்பிடின்னா சுருதி ஒரு இடத்துலகூட விலகலன்னு அர்த்தம்."

முப்பது வருஷமாக ஊரில் யாரும் சொல்லாத வார்த்தை அது. ஆவுடையப்பன் மூன்று பேருடைய கையையும் பிடித்துக்கொண்டார்.

அப்போது லைன்மேன் வந்தார். இங்கே என்ன கூட்டம் என்று கேட்டார். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் டிரான்ஸ்பார்மர் இருக்க வேண்டியிருக்கிறது, வேலை முடிந்துவிட்டது, ரொம்ப உபகாரம் என்றார் ஆவுடையப்பன். லைன்மேன் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். "அது பதினெட்டு வருசமா அங்கதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் வேலியைவிட்டுத் தள்ளிப் போகச் சொன்னார்.

பதிந்ததைப் போட்டால் சத்தமே வரவில்லை. பாய்க்குப் போன் செய்தார்கள். ஆவுடையப்பன் நடந்ததைச் சொன்னார். போன் கட்டாகிவிட்டதோ என்று நடுவில் இரண்டு தடவை கேட்டார். பிறகு பாய், டிரான்ஸ்பார்மர் என்று தான் சொன்னது விரல் தண்டி இருக்கும், மைக் ஒயரில் மாட்டுவது, சாயங்கால பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன் என்றார். விரல் தண்டி டிரான்ஸ்பார்மர் எத்தனை வீட்டுக்குக் கரண்டு கொடுக்கும் என்று சொரிமுத்து பக்கத்தில் நின்று கேட்டது பாய் காதில் விழாமல் போனது நல்லதுதான்.

புதன்கிழமை நடந்ததை நீட்ட வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு டிராக் என்று காகிதத்தில் இருந்தது. மஞ்சப்புளியூர் ரயில்வே ஸ்டேஷனில் மூன்று டிராக்தான். நாலாவது ஆள் என்ன செய்வது என்று அரை நாள் பேசினார்கள். இரண்டு டிராக்குக்கு நடுவில் நிற்கட்டும் என்றார் மிக்கேல். நடுவில் டிரான்ஸ்பார்மருக்குத்தான் இடம் என்றார் தீத்தாரப்பன். கடைசியில் சொரிமுத்து பெருந்தன்மையாகப் பிளாட்பாரத்தில் நிற்க ஒப்புக்கொண்டார். மற்ற மூவரும் ஆளுக்கு ஒரு தண்டவாளத்தில் நின்று வாயில் ஆர்கனை வைத்ததைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்து, எந்த வண்டிக்கு நிற்கிறீர்கள் என்று கேட்டார். வண்டி வேண்டாம், டிராக் போதும் என்றார் ஆவுடையப்பன். பாசஞ்சர் வண்டி வருவதற்குள் அவர் நாலு பேரையும் ரோட்டில் கொண்டுவந்து விட்டார். அன்றைக்கும் பாய்க்குப் போன் போயிற்று. டிராக்கை விடுங்கள், நாலு பேரும் ஒன்றாகவே வாசியுங்கள், தயவுசெய்து வீட்டுக்குள் வாசியுங்கள் என்றார் பாய்.

வியாழக்கிழமை உலகம்மையின் அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். விரல் தண்டி டிரான்ஸ்பார்மரை ஒயரில் மாட்டியாயிற்று. காற்று வெளியே போகக் கூடாது என்பதால் ஜன்னல்களைச் சாத்தினார்கள். கதவிடுக்கு, சாவித் துவாரம் எல்லாவற்றிலும் தீத்தாரப்பன் கடையிலிருந்து கொண்டுவந்த வெட்டுத் துணிகளைத் திணித்தார். உள்ளே இருக்கிற காற்றை ஃபேன் கலைத்துவிடும் என்று அதையும் நிறுத்தினார்கள். ஆவுடையப்பன் கைக்குள் மைக்கைப் பொத்திப் பிடித்தார். மற்றவர்கள் அவர் கைக்கு முன்னால் முகத்தை நீட்டிக்கொண்டார்கள்.

அன்றைக்கு உண்மையிலேயே நன்றாக வாசித்தார்கள். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூச்சு முட்ட முட்ட அந்தப் பழைய மைக்குக்குள் போன சத்தம் கனிந்துகொண்டே வந்தது. கடைசி அடியில் சொரிமுத்து மயங்கிச் சரிந்தார். சரியும்போதும் ஆர்கனை வாயிலிருந்து எடுக்கவில்லை என்பதால் அந்த இறக்கமும் பாட்டில் சேர்ந்துகொண்டது. முகத்தில் தண்ணீர் தெளித்து அவரை எழுப்பிவிட்டு மிக்கேல் காகிதத்தின் கடைசி வரியைப் படித்தார்.

"முடிஞ்சதும் மறக்காம சேவ் பண்ணிட்டு மூடுங்க."

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாலு முகத்திலும் கனத்த மீசை.

"பாட்டுக்கும் சேவுக்கும் என்ன வே சம்பந்தம்?" என்றார் சொரிமுத்து.

"ரேடியோ அம்மா சுத்தமா இருக்கணும்னு சொன்னாங்கல்லா" என்றார் தீத்தாரப்பன்.

"மீசையை விட்டுட்டுப் பண்ணலாமா?"

மிக்கேல் காகிதத்தைத் திருப்பியும் பார்த்தார். "மீசையை விட்டுட்டுன்னு எழுதலியே."

இருபத்தெட்டு வருஷத்து மீசை ஆவுடையப்பனுடையது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஜன்னல் சாத்தியிருந்தது. "பிள்ளைக்காகத்தானே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். சலூன்காரர் நாலு பேரும் வரிசையாக வந்து மீசையை எடுக்கச் சொன்னதும் ரேடியோவை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, எந்த வீட்டில் துட்டி என்று கேட்டார். வீடு திரும்புவதற்குள் வழியில் ஏழெட்டுப் பேர் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். யார் செத்தது என்று தெரியாததால் இவர்களும் அவர்களிடம் விசாரித்தார்கள்.

அறைக்கு வந்து கம்ப்யூட்டரை மூடப் போனபோது அதுவே ஒரு கேள்வி கேட்டது. சேவ் பண்ணவா, வேண்டாமா என்று ஸ்கிரீனில் வந்து நின்றது. மிக்கேல் தன் கன்னத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"பண்ணியாச்சு" என்று சொல்லி, வேண்டாம் என்பதை அமுக்கினார்.

மீசை இல்லாத முகத்தை மகளிடம் காட்ட வெட்கப்பட்டு, ஆவுடையப்பன் அன்று ராத்திரி மில்லிலேயே படுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை அவள் பள்ளிக்கூடம் போனதும், பாட்டை அனுப்புவதற்காகத் தேடினார்கள். கம்ப்யூட்டருக்குள் தேடினார்கள், கம்ப்யூட்டருக்குப் பின்னால் தேடினார்கள், சொரிமுத்து மேசைக்கு அடியிலும் போய்ப் பார்த்தார். மூன்று மணி வரைக்கும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ துக்கம் விசாரித்ததில் பயந்து, லீவு சொல்லிவிட்டு உலகம்மை வீட்டுக்கு வந்தபோது, மீசையில்லாத நாலு பேர் அவள் அறையில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கு என்னப்பா ஆச்சு என்று கேட்டாள்.

ஆவுடையப்பன் எல்லாவற்றையும் சொன்னார். பொய்யிலிருந்து ஆரம்பித்துப் பொரிகடலை மாவு, டிரான்ஸ்பார்மர், தண்டவாளம், மீசை என்று வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்து, "உன் கல்யாணத்தை நானே கெடுத்துட்டேம்மா" என்றார். மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

உலகம்மை சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மணி பார்த்தாள். மூன்றேகால். ஜன்னலைத் திறந்தாள், சாவித் துவாரத்திலிருந்து துணியை உருவினாள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"ரேடியோல வந்துட்டா அது பொய் இல்லியேப்பா" என்றாள். "நான் கையைத் தூக்கினா ஆரம்பிங்க. இறக்கினா நிறுத்துங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

கையைத் தூக்கினாள். ஆரம்பித்தார்கள். நன்றாகத்தான் போயிற்று. கையைக் கீழே விட்டுவிட்டு அவள் ஸ்கிரீனைப் பார்த்தாள். பாட்டு பாதியில் நின்றது. இரண்டாவது தடவை கையைத் தூக்கியபடியே இருந்தாள். ஒரு கொசு வந்தது. அடித்தாள். நின்றது. மூன்றாவது தடவை ஜன்னல் காற்றில் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினாள். நின்றது. மணி நாலேகால் ஆகிவிட்டது.

நாலாவது தடவை உலகம்மை வலது கையைத் தூக்கி, அது இறங்காமல் இடது கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். கொசு அவள் மூக்கில் உட்கார்ந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். நாலு நிமிஷம், பதினோரு விநாடி. அவள் கை நடுங்குவதை ஆவுடையப்பன் மைக்குக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே வாசித்தார். அந்தப் பழைய மைக் அதையும் எப்படியோ உள்ளே வாங்கிக்கொண்டது. நடுவில் தீத்தாரப்பன் ஒரு தடவை இருமினார். அது ஒன்றைத் தவிர வேறு பிசகு இல்லை.

அவளே சேவ் பண்ணினாள், அவளே அனுப்பினாள். மணி நாலு ஐம்பது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நாலு பேரும் மில்லில் ரேடியோப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அடுத்து மஞ்சப்புளியூர் ஆவுடையப்பன் குழுவினர் என்று அந்த அம்மாள் சொன்னாள். பாட்டு ஆரம்பித்தது. நாலு பேரும் கேட்டார்கள். பாதிக்கு மேல் ஆவுடையப்பனின் முகம் மாறியது.

"நாம நாலு பேரும் இங்கதானே இருக்கோம்" என்றார்.

எண்ணிப் பார்த்தார்கள். இருந்தார்கள்.

"யாரு வாயிலயும் ஆர்கன் இல்ல" என்றார் மிக்கேல்.

"அப்ப அங்க வாசிக்கிறது யாரு?"

அந்த நேரம் ரேடியோவில் இருமல் வந்தது. தீத்தாரப்பன் எழுந்து நின்றுவிட்டார். "என் இருமல்" என்றார். "பாட்டைத்தான் எடுத்தான், பேரை எடுத்தான், சரி. இருமலை எதுக்கு வே எடுக்கணும்?"

பாட்டு முடிந்ததும் வள்ளியூரிலிருந்து போன் வந்தது. பூதலிங்கம் பேசினார். தெருவே நின்று கேட்டது என்றார், இப்படி ஒரு சம்பந்தி கிடைத்தது எங்கள் பாக்கியம் என்றார். ஆவுடையப்பன் ஒரு பொய்யால் பட்ட பாடு போதும் என்று இருந்தவர். "அது நாங்க இல்லங்க" என்றார். "வேற யாரோ நாலு பேரு. எங்களை மாதிரியே வாசிக்காங்க."

அந்தப் பக்கம் பூதலிங்கம் போனைக் காதிலிருந்து எடுத்து வீட்டில் யாரிடமோ சொல்வது கேட்டது. "இவ்வளவு வாசிச்சுட்டு நான் இல்லங்காரு. இந்த அடக்கம் யாருக்கு வரும்?" அந்தப் போனிலேயே நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டார்.

உலகம்மை அப்பாவை உட்கார வைத்து விளக்கினாள். பதிந்ததை மூன்று தடவை போட்டுக் காட்டினாள். இது உங்கள் சத்தம்தான், வெள்ளிக்கிழமை வாசித்தது என்றாள். ஆவுடையப்பன் மகளின் தலையைத் தடவினார். "வெள்ளிக்கிழம வாசிச்சது வெள்ளிக்கிழமையே முடிஞ்சுதேம்மா" என்றார். படித்த பிள்ளை, உலகம் தெரியவில்லை என்று அவருக்குக் கொஞ்சம் கவலையாகவும் இருந்தது.

போலீசில் சொல்ல வேண்டும் என்று தீத்தாரப்பன் ஒற்றைக் காலில் நின்றார். ஆவுடையப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. யாராக இருந்தாலும் தன் மகள் கல்யாணத்தை நடத்திக் கொடுத்தவர்கள், நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும் என்றார். மறு புதன்கிழமை மிக்கேல் ஒரு பெட்டி கேக் எடுத்துக்கொண்டார். நாலு பேரும் வானொலி நிலையத்துக்குப் போனார்கள்.

அந்த அம்மாள் வேலையாக இருந்தாள். வராந்தாவில் இருக்கச் சொன்னாள். வராந்தாவில் பெரிய கண்ணாடிச் சுவர். அதற்குப் பின்னால் பதிவு அறை, விளக்குப் போடாமல் இருட்டாகக் கிடந்தது. இருட்டுக்குள் நாலு பேர் நின்றார்கள்.

ஆவுடையப்பன் கும்பிட்டார். உள்ளே இருந்த தலைவரும் அதே நேரம் கும்பிட்டார். மிக்கேல் கேக் பெட்டியை நீட்டினார். அவர்களும் ஒரு பெட்டியை நீட்டினார்கள்.

"அவங்களும் கேக் கொண்டாந்திருக்காங்க அண்ணாச்சி" என்றார் மிக்கேல். போலீஸ் என்று நின்ற தீத்தாரப்பனுக்கே மனசு இளகிவிட்டது.

ஆவுடையப்பன் நன்றி சொன்னார். மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார். உள்ளே இருந்தவரும் கூடவே வாயசைத்தார். என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தால் ரொம்ப நல்ல மனுஷனாகத் தெரிந்தது. அப்போது யாரோ உள்ளே போய் விளக்கைப் போட்டார்கள். அறையில் ஒரு மேசையும் நாற்காலியும் இருந்தன. நாலு பேரையும் காணோம்.

"கெளம்பிட்டாங்க" என்றார் சொரிமுத்து. "கூப்பிட்ட உடனே நம்ம ஊருக்குக் கெளம்பிட்டாங்க."

விருந்தாளி போய் இறங்கும்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு கேவலம். நாலு பேரும் ஓடிப்போய்ப் புறப்பட இருந்த பஸ்ஸில் ஏறினார்கள். இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. கண்ணாடி ஜன்னல்களை எல்லாம் இழுத்துச் சாத்தினார்கள். உள்ளே விளக்கு எரிந்தது. கண்டக்டர் வந்து எத்தனை என்று கேட்டார்.

"மஞ்சப்புளியூர் எட்டு" என்றார் ஆவுடையப்பன்.

கண்டக்டர் நாலு பேரையும் எண்ணினார். மற்ற நாலு பேர் எங்கே என்று கேட்டார்.

ஆவுடையப்பன் ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே தெரிந்தவர்களைப் பார்த்து மறுபடி ஒரு கும்பிடு போட்டார். பதில் கும்பிடு வந்தது.

"இவ்வளவு சீட்டு காலியா கிடக்கு" என்றார் கண்டக்டரிடம். "எங்களுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு வெளியவே உக்காந்து மழையில நனைஞ்சுட்டு வாராங்க, பாருங்க."